தாய்லாந்து ஐஸ் டீ, ஐஸ் காபி: பாக்கெட் பவுடரா, வீட்டுத் தூளா, சாஷேயா?

பாங்காக் போய்விட்டு வந்தவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது: "அந்த ஆரஞ்சு கலர் டீயை வீட்டில் போட அவங்க பவுடர்தான் வேணுமா, நம்ம டீத்தூள் போதாதா?" கூடவே இன்னொன்றும் வரும்: "அந்தக் கறுப்பு ஐஸ் காபிக்கும் தனியா ஒரு பவுடர் விற்கிறாங்களே, அதையும் வாங்கணுமா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டீக்குப் பவுடர் வாங்குங்கள். காபிக்கு வேண்டாம். இதற்கு விதிவிலக்குகள் உண்டு, சில வீடுகளுக்கு இது அப்படியே தலைகீழாகவும் மாறும். அதனால் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்துவிடலாம்.

## எந்தெந்தப் பானம்

பாலும் சர்க்கரையும் சேர்ந்த ஆரஞ்சு நிற ஐஸ் டீதான் சா யென். அதையே பால் இல்லாமல் இனிப்போடு மட்டும் கொடுத்தால் சா டாம் யென், எலுமிச்சை பிழிந்தால் சா மனாவ். காபியில், பால் சேராத கறுப்புக் காபி ஓலியாங். கண்டென்ஸ்டு மில்க் சேர்ந்தது காஃபே யென். ஓலியாங்கைத் தாய்லாந்தில் பரப்பியவர்கள் அங்கே குடியேறிய தியோச்சூ சீனர்கள். அதன் தூளில் காபிக்கொட்டை மட்டும் இருக்காது. வறுத்த மக்காச்சோளம், சோயா, எள் எல்லாம் சேர்ந்து அரைபட்டிருக்கும். சிலர் அரிசியும் ஏலக்காயும்கூடச் சேர்க்கிறார்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். ஐஸ் கரைந்த பிறகும் ருசி நிற்கிறதா? அந்த வாசனை வருகிறதா? நிறத்துக்கு என்ன சேர்க்கிறார்கள்? இனிப்பு நம் கையில் இருக்கிறதா? மீந்து கெட்டுப்போவதையும் சேர்த்து ஒரு கிளாஸுக்கு என்ன செலவு?

இதில் முதலாவதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். எவ்வளவு நல்ல தூள் வாங்கினாலும் பலர் வீட்டில் டீ தண்ணியாகப் போவது இங்கேதான். கொதிக்கக் கொதிக்க வடிகட்டிய 150 மி.லி. டிகாக்‌ஷனை அப்படியே ஐஸில் ஊற்றினால், அது குளிர்ந்து அடங்குவதற்குள் ஏறக்குறைய 150 கிராம் ஐஸ் கரைந்துவிடும். போட்ட டீ பாதிக்குப் பாதி தண்ணீர். அதே டிகாக்‌ஷனை அறைச் சூட்டுக்கு ஆறவிட்டு ஊற்றினால் கரைவது 45 கிராமை ஒட்டித்தான். ஆக, எந்தத் தூளாக இருந்தாலும் இரண்டு விதி: சூடாகக் குடிக்கும் டீயைப்போல் இரண்டு மடங்கு கெட்டியாக இறக்க வேண்டும், ஆறவிட்டுத்தான் ஐஸைத் தொட விட வேண்டும். கண்டென்ஸ்டு மில்க்கையும் சர்க்கரையையும் மட்டும் சூட்டிலேயே கலந்துவிடுங்கள். ஆறிய பிறகு சர்க்கரை லேசில் கரையாது, கண்டென்ஸ்டு மில்க் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

## டீ: தாய்லாந்துப் பாக்கெட் பவுடர்

உலகம் முழுக்கக் கிடைப்பது சா-த்ரா-மூ, கட்டைவிரல் தூக்கிய கை படம் போட்ட பாக்கெட். 1945-இல் தொடங்கிய பிராண்டு. சிவப்புப் பட்டை போட்ட 400 கிராம் பாக்கெட்டைத்தான் சா யென்னுக்கு வாங்க வேண்டும். பாக்கெட்டைப் பிரித்ததும் வருவது தேயிலை மணம் இல்லை, வெனிலா மணம். தூளே செங்கல் பொடி மாதிரி சிவந்திருக்கும். கொதிநீர் பட்டதும் ரத்தச் சிவப்பாக இறங்கும், கண்டென்ஸ்டு மில்க் விழுந்த இடத்திலிருந்து ஆரஞ்சு பரவும்.

ஒரு கிளாஸுக்கு 15 கிராம், அதாவது சுமாராக மூன்று மேசைக்கரண்டி, 200 மி.லி. கொதிநீர். துணி வடிகட்டியில் தூளைப் போட்டு நீரை ஊற்றி, இறங்கியதை மறுபடி தூள் மேலேயே நாலைந்து முறை ஊற்றி இறக்க வேண்டும். நம்ம டீக்கடைகளில் தொங்குகிற அதே கைப்பிடி வைத்த துணிப்பைதான் தாய்லாந்துத் தள்ளுவண்டியிலும் இருக்கும். கம்பி வலை வடிகட்டி இதற்கு உதவாது. தூள் மிக நைஸாக இருப்பதால் பாதி கிளாஸுக்குள் வந்துவிடும், குடிக்கும்போது நாக்கில் மண் மாதிரி நெருடும். தூள் குடித்துக்கொள்வது போக 160 மி.லி. அளவுக்குக் கிடைக்கும். இரண்டு மேசைக்கரண்டி கண்டென்ஸ்டு மில்க் சேர்த்துக் கலக்கி ஆறவிட்டு, பெரிய கிளாஸ் நிறைய ஐஸ் போட்டு ஊற்றி, மேலே இரண்டு கரண்டி கெட்டிப்பாலை (சர்க்கரை சேராத எவாபரேட்டட் மில்க்) மிதக்கவிட்டால் சா யென்.

ருசியில் இதற்குப் போட்டியே இல்லை. நீங்கள் அங்கே குடித்த டீயின் வாசனை இந்தத் தூளில்தான் இருக்கிறது. ஏலக்காய், அன்னாசிப்பூ எல்லாம் போட்டு அதைப் பிடித்துவிடலாம் என்று சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. அவற்றில் வருவது நல்ல மசாலா ஐஸ் டீ, சா யென் இல்லை.

மறைந்திருக்கும் செலவு மூன்று. முதலாவது நிறம். அந்த ஆரஞ்சு தேயிலையில் இருந்து வருவதில்லை. சன்செட் யெல்லோ என்ற செயற்கை நிறம், ஈ-110. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த நிறம் சேர்ந்த உணவில் குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும். அதே ஒன்றியத்தின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2014-இல் நிர்ணயித்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம். இந்திய உணவு விதிகளோ தேயிலையில் நிறம் சேர்க்கவே கூடாது என்கின்றன. எப்போதாவது ஒரு கிளாஸ் குடிக்கும் பெரியவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. தினமும் கேட்கிற பத்து வயதுப் பிள்ளைக்கு இதைப் போட்டுக் கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது, துணிப்பை. புதுத் துணியை ஒருமுறை வெந்நீரில் கொதிக்கவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் டீயில் கஞ்சி வாடை அடிக்கும். ஆரஞ்சுக் கறை ஏறிய பிறகு போகவே போகாது, மேசை விரிப்பும் வெள்ளைச் சட்டையும் பத்திரம். காபிக்குத் தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வாங்கும் இடம். பாங்காக் சூப்பர் மார்க்கெட்டில் 400 கிராம் சுமார் 100 பாட், அதில் 26 கிளாஸ் வரும், கிளாஸுக்குத் தூள் செலவு 4 பாட். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கும் எளிதாகக் கிடைக்கும். லண்டன், டொராண்டோவில் ஆசிய மளிகைக் கடைகளில் பார்க்கலாம். இந்தியாவில் இணையத்தில் வாங்கினால் அங்கத்திய விலையைப்போல் சில மடங்கு ஆகிவிடும். யாராவது தாய்லாந்து போகிறார்கள் என்றால் சொல்லிவிடுவதே நல்லது.

## டீ: வீட்டில் இருக்கும் தேயிலை

இதை இரண்டாம் தரம் என்று நினைத்துத் தள்ள வேண்டாம். சில இடங்களில் இதுதான் சரி.

பால் சேர்க்கும் சா யென்னுக்கு, ஐஸுக்கும் கண்டென்ஸ்டு மில்க்குக்கும் ஈடுகொடுக்கிற முரட்டுத் தேயிலை வேண்டும். டஸ்ட் டீ நன்றாகத் தாங்கும். இலங்கைத் தேயிலை கிடைத்தால் ருகுணு, சப்ரகமுவா போன்ற தாழ்நிலப் பகுதிகளின் தூள் கறுத்து, கெட்டியாக இறங்கும். நுவரெலியாத் தேயிலையை இதில் போட்டு வீணடிக்காதீர்கள், அதன் மென்மையான மணம் பாலில் காணாமல் போய்விடும். 200 மி.லி. தண்ணீருக்கு டஸ்ட் டீ 8 கிராம் போதும். மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் விட்டால் துவர்ப்பு ஏறும். அன்னாசிப்பூவில் ஒரே ஒரு இதழ், அதற்கு மேல் போட்டால் பிரியாணி வாடை. ஆறிய பிறகு வெனிலா எசென்ஸ் சில துளிகள். சூட்டில் ஊற்றினால் மணம் ஆவியோடு போய்விடும்.

நிறம் இளம் பழுப்பாகத்தான் வரும், ஆரஞ்சு வராது. அதற்காகக் கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை போடலாமா என்று கேட்கிறார்கள். கடையில் கிடைக்கும் ஆரஞ்சு கேசரிப் பவுடர்களில் பெரும்பாலும் அதே சன்செட் யெல்லோதான் இருக்கும். நிறம் வேண்டாம் என்று பாக்கெட்டைத் தவிர்த்துவிட்டு இதைச் சேர்ப்பதில் பொருள் இல்லை. பழுப்பாகவே குடியுங்கள்.

பால் இல்லாத சா டாம் யென், சா மனாவ் இரண்டுக்கும் நிலைமை வேறு. இங்கே வீட்டுத் தேயிலையே மேல் என்பேன். கெட்டி டிகாக்‌ஷனைக் குளிரவைத்தால் கலங்கிப்போகும். தேயிலையின் துவர்ப்புப் பொருள்களும் காஃபீனும் குளிரில் ஒன்றோடொன்று சேர்ந்து மிதப்பதால் வரும் கலங்கல் அது. கெட்டுப்போகவில்லை, கொஞ்சம் வெந்நீர் விட்டால் தெளிந்துவிடும். நீலகிரி இலைத் தேயிலை குளிர்ந்தாலும் பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும், ஐஸ் டீக்கு அதற்குப் பெயர் இருப்பதே இதனால்தான். எலுமிச்சை பிழிந்ததும் நிறம் பளிச்சென்று வெளிறும், மணமும் நன்றாகச் சேரும். பாக்கெட் பவுடரின் வெனிலா மணம் எலுமிச்சையோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

## சாஷே

த்ரீ-இன்-ஒன் சாஷேயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரை, கிரீமர், உடனடித் தேயிலைத் தூள், நிறம், வாசனை எல்லாம் கலந்தே வரும். வெந்நீரும் ஐஸும் போதும். எடையில் பெரும்பங்கு சர்க்கரையும் கிரீமரும், அதனால் இனிப்பைக் குறைக்க வழியே இல்லை. கெட்டியாக வேண்டும் என்று இரண்டு சாஷே போட்டால் இனிப்பும் இரண்டு மடங்காகும். கிளாஸ் கணக்கில் இதுதான் விலை கூடியதும். ஆனால் அலுவலகத்தில், ஹாஸ்டலில், ரயில் பயணத்தில் வடிகட்டிக்கும் பால் டின்னுக்கும் எங்கே போவது? மாதத்துக்கு ஒரு கிளாஸ் குடிக்கும் வீட்டுக்கும் இதுதான் லாபம், எதுவும் மீந்து கெடாது.

## பால்: செலவு ஒளிந்திருக்கும் இடம்

தூளைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள், பாலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தூளைவிட அதிகச் செலவு வைப்பது பால்தான்.

கண்டென்ஸ்டு மில்க் 100 கிராமில் சர்க்கரை 55 கிராமை ஒட்டி இருக்கும். கிளாஸுக்கு இரண்டு மேசைக்கரண்டி என்றால் 40 கிராம், அதில் சர்க்கரை 22 கிராம். தாய்லாந்துக் கடைகளில் இதற்கு மேலும் சர்க்கரை போடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. இந்த ஒரு கிளாஸிலேயே அதில் பெரும்பங்கு முடிந்துவிடுகிறது. நான் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டு மீதிக் கெட்டித்தன்மையைச் சர்க்கரை சேராத கெட்டிப்பாலில் வாங்கிக்கொள்வேன். ருசி பெரிதாகக் குறைவதில்லை.

அந்தக் கெட்டிப்பால், அதாவது எவாபரேட்டட் மில்க், இந்தியாவில் லேசில் கிடைக்காது. கிடைத்தாலும் டின் திறந்தால் ஃபிரிட்ஜில் நாலைந்து நாள்தான். கிளாஸுக்கு இரண்டு கரண்டி என்ற கணக்கில் தனியாகக் குடிப்பவரால் அதற்குள் ஒரு டின்னை முடிக்க முடியாது. வீட்டில் செய்துகொள்வது சுலபம்: அரை லிட்டர் கொழுப்புள்ள பாலை அகலமான பாத்திரத்தில் சிறு தீயில் கிளறிக்கொண்டே 220 மி.லி. ஆகும்வரை சுண்டவிடுங்கள், அரை மணி நேரம் பிடிக்கும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம் இருப்பதால் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிடலாம். ஏடு படியவிடாமல் கிளறுவது முக்கியம், இல்லாவிட்டால் ஐஸ் டீயில் ஏடு திட்டுத்திட்டாக மிதக்கும். ஒரே ஒரு கிளாஸுக்கென்றால் இந்தப் பாடு வேண்டாம், காய்ச்சி ஆறிய பாலே போதும்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதல் தேங்காய்ப்பாலைச் சேர்க்கலாம். டீயோடு நன்றாகவே போகிறது. ரொம்பக் குளிர்ந்தால் கொழுப்பு மேலே திரிதிரியாக உறையும், அதனால் ஐஸைக் குறைத்து உடனே குடிக்க வேண்டும்.

## காபி: ஓலியாங் தூளா, சிக்கரி காபியா

இங்கே என் ஓட்டு முழுக்க நம்ம ஃபில்டர் காபிக்கு.

தாய்லாந்தின் தெற்கே, சும்போன் பக்கம் விளைவது ரோபஸ்டா. வடக்கே சியாங் மாய், சியாங் ராய் மலைகளில் அரபிகா. வண்டிக்கடையின் பழைய பாணிக் காபிக்கு உதவுவது ரோபஸ்டாவின் கசப்பும் கனமும்தான். ஓலியாங் தூளில் சேரும் கருக வறுத்த சோளமும் சோயாவும் காபியின் கனத்தைக் கூட்டி, கசப்பை ஒரு கருகிய இனிப்போடு உருட்டிவிடுகின்றன. இந்த வேலையை நம் ஊர் டிகாக்‌ஷனில் சிக்கரி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. இந்தியாவில் காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது; கடைகளில் 80:20, 70:30, 60:40 என்று கேட்டு வாங்கலாம். ஓலியாங்குக்கு 60:40 வாங்குங்கள், காபி ரோபஸ்டாவாக இருக்கட்டும். காபிப் பிரியர்கள் முகம் சுளிக்கும் விகிதம்தான், ஆனால் இந்தப் பானத்துக்கு இதுவே பொருத்தம்.

முதல் டிகாக்‌ஷன் 80 மி.லி., சூட்டிலேயே இரண்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் வெந்நீர், ஆறவிட்டு ஐஸ். அவ்வளவுதான். காஃபே யென் வேண்டுமென்றால் சர்க்கரைக்குப் பதில் கண்டென்ஸ்டு மில்க். இன்னும் கிட்டே போக ஆசைப்பட்டால் மக்காச்சோள ரவையை இரும்புச் சட்டியில் காபிக்கொட்டை நிறத்துக்கு வறுத்து, இறக்கும்போது கால் டீஸ்பூன் எள் சேர்த்துப் பொடித்து, நான்கு பங்கு காபித்தூளுக்கு ஒரு பங்கு கலக்கலாம். அப்படிச் செய்தால் பித்தளை ஃபில்டரில் போடாதீர்கள். சோளம் வெந்நீரில் ஊறி ஓட்டைகளை அடைத்துவிடும், டிகாக்‌ஷன் இறங்காது. துணிப்பையில்தான் இறக்க வேண்டும்.

ஓலியாங் தூள் வாங்குவது யாருக்குச் சரி? பக்கத்துக் கடையில் அது மலிவாகக் கிடைத்து, சிக்கரி கலந்த காபித்தூள் கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு. காபியைக் குறைக்க நினைப்பவர்களுக்கும் ஆகும், தானியம் கலந்திருப்பதால் காஃபீன் குறைவு. எள்ளோ சோயாவோ ஒவ்வாதவர்கள் இருக்கிற வீட்டில் இதை வைக்கவே கூடாது. விருந்தாளிக்குக் காபி என்று நினைத்துக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு, டப்பாவில் எழுதி ஒட்டினாலும்.

## ஒரே பார்வையில்

| | பாக்கெட் பவுடர் | வீட்டுத் தேயிலை, ஃபில்டர் காபி | சாஷே |
|---|---|---|---|
| ஐஸுக்குத் தாங்குமா | நன்றாக, 15 கிராம் போட்டால் | டஸ்ட் டீ, 60:40 காபி என்றால் நன்றாக | சுமார் |
| அந்த வாசனை | டீயில் அப்படியே | டீயில் வராது, காபியில் மிக நெருக்கம் | டீயில் ஓரளவு |
| செயற்கை நிறம் | டீயில் உண்டு, காபியில் லேபிளைப் பாருங்கள் | இல்லை | பெரும்பாலும் உண்டு |
| இனிப்பு நம் கையில் | ஆம் | ஆம் | இல்லை |
| கிளாஸ் செலவு | வாங்கும் ஊரைப் பொறுத்தது | மிகக் குறைவு | அதிகம் |
| நேரம், ஆறவிடுவது நீங்கலாக | 10 நிமிடம் | டீ 5 நிமிடம், டிகாக்‌ஷனுக்குக் கூடுதல் | 2 நிமிடம் |
| கூடவே வேண்டியது | துணிப்பை, கண்டென்ஸ்டு மில்க், கெட்டிப்பால் | பாலும் சர்க்கரையும் போதும் | ஐஸ் மட்டும் |

## எந்த வீட்டுக்கு எது

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சா யென் குடிக்கிற, பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீடு: பவுடரும் ஒரு துணிப்பையும் வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். சின்னப் பிள்ளைகளும் கேட்டு அடம்பிடிக்கிற வீடு: டஸ்ட் டீ, வெனிலா, ஒரு கரண்டி கண்டென்ஸ்டு மில்க். எலுமிச்சை ஐஸ் டீதான் பிடிக்கும் என்றால் நீலகிரி இலைத் தேயிலை. பவுடருக்குச் செலவழிப்பது வீண். காபிக்கு மட்டும்தான் ஆசை என்றால் இன்று காலை இறக்கிய டிகாக்‌ஷனிலேயே ஆரம்பித்துவிடலாம். முதல்முறை ருசி பார்க்கிறவர்கள் ஒரு சாஷே வாங்கிக் குடித்துப் பாருங்கள், ஆனால் அதன் இனிப்பை வைத்து சா யென்னை எடைபோடாதீர்கள்.

வீட்டில் பத்துப் பேருக்குப் போடுவதாக இருந்தால் டிகாக்‌ஷனை முந்தைய நாள் இரவே இறக்கிச் சர்க்கரையோடு ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம், பால் மட்டும் ஊற்றும்போது சேருங்கள். டிகாக்‌ஷன் இரண்டு நாள் வரை நன்றாக இருக்கும். அதில் ஒரு பங்கை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, சாதா ஐஸோடு பாதிக்குப் பாதி கலந்து போட்டால் கடைசி மடக்கு வரை தண்ணியாகாது.